தொட்டுப் பார்த்தால் போதுமா?

முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பழங்காநத்தத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். வேலையிலிருந்துதான் ஓய்வு கிடைத்தது, கேள்விகளிலிருந்து கிடைக்கவில்லை. பால் வாங்கப் போனாலும் சரி, பூ வாங்கப் போனாலும் சரி, "ஏன்க்கா, நாடியும் பிரஷரும் ஒண்ணுதானா?", "உள் காய்ச்சல்னு சொல்றாங்களே, அது தெர்மாமீட்டருல தெரியாதாமே?" என்று யாராவது நிறுத்திவிடுகிறார்கள். நம் பகுதி வாசகியருக்கும் இதே சந்தேகங்கள் இருக்குமே என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை இருக்கும். அதில் வேளா வேளைக்கு நாலு கணக்கு எழுதுவோம். சூடு, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த அட்டையைத்தான் பார்ப்பார். கொரோனா வந்த பிறகு ஐந்தாவதாக ஆக்சிஜன் அளவும் எல்லார் வாயிலும் புகுந்துவிட்டது. இவற்றில் பிரஷரையும் ஆக்சிஜனையும் தவிர மற்றதைப் பார்க்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு தெர்மாமீட்டரும் விநாடி முள் ஓடுகிற ஒரு கடிகாரமும் போதும்.

முதலில் சூடு. நமக்குப் புறங்கைதான் தெர்மாமீட்டர். நெற்றியைத் தொட்டு "அனலாக் கொதிக்குது" என்போம். ஆனால் இப்போதுதான் பாத்திரம் துலக்கிவிட்டு வந்த ஈரக் கைக்குப் பிள்ளையின் நெற்றி எப்போதும் சுடும். அடுப்படியில் நின்ற கைக்குச் சுடவே சுடாது. சித்திரை வெயிலில் மதுரையில் சுவரைத் தொட்டாலே சுடுகிறது, நெற்றியை எங்கே கண்டுபிடிப்பது?

98.4 என்றும் 98.6 என்றும் நாம் மனப்பாடம் செய்திருக்கிற கணக்கின் கதையே தனி. ஜெர்மனியில் உண்டர்லிஷ் என்ற டாக்டர் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து 1868-ல் ஒரு புத்தகம் போட்டார். அவர் சொன்ன 37 டிகிரி செல்சியஸ்தான் பாரன்ஹீட்டில் 98.6 ஆனது. ஆனால் எல்லாருக்கும் எந்நேரமும் அதே அளவு இருக்காது. விடியற்காலையில் குறைந்திருக்கும், சாயங்காலம் கொஞ்சம் ஏறும். பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரம், அதாவது கருமுட்டை வெளிப்பட்ட பிறகு, அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை உடம்பு சூடாகத்தான் இருக்கும். "மாசத்துல பாதி நாள் எனக்கு உள் காய்ச்சல் அடிக்குதுக்கா" என்று சொல்கிற பல பெண்களின் காய்ச்சல் இதுவாகக்கூட இருக்கலாம். தெர்மாமீட்டரில் தெரியாத காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. அசதி, ரத்தசோகை, உடம்பு வலி எல்லாவற்றுக்கும் சேர்த்து நாம் வைத்த செல்லப் பெயர் அது. அதற்காக அலட்சியமும் வேண்டாம். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்து ஒரு வாரம் எழுதுங்கள். சாயங்காலம் தோறும் உண்மையிலேயே காய்ச்சல் காட்டி, இருமலும் எடைக் குறைவும் சேர்ந்தால் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். காசநோய் அப்படித்தான் மெல்ல வரும்.

100.4-க்கு மேல் போனால் காய்ச்சல். அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி குறைத்துக் காட்டும். மூன்று மாதம் நிறையாத பச்சைப் பிள்ளைக்கு 100.4 வந்தால் கை வைத்தியம், கசாயம் எதுவும் வேண்டாம், அன்றைக்கே டாக்டர். காய்ச்சலில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிற பழக்கம் நம்மூரில் இன்னும் போகவில்லை. சாவியால் கெடுதல் இல்லை, அதைத் தேடுகிற நேரம்தான் வீண். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ விரலோ தண்ணீரோ வைக்காதீர்கள். எத்தனை நிமிடம் வலிப்பு இருந்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

டெங்குவைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நம் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சூடு இறங்கியதும் "அப்பாடா, காய்ச்சல் விட்ருச்சு" என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். டெங்குவில் ஆபத்து ஆரம்பிப்பதே அப்போதுதான். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, சூடு இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடம்பு தளர்ந்து போகும். தெர்மாமீட்டர் 98 காட்டும். கை கால் ஜில்லென்று இருக்கும், நாடி ஓட்டமாக ஓடும், வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது, பிள்ளை துவண்டு கிடக்கும், சிறுநீர் குறையும், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசியும். சூட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இந்தக் குறிகளில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காதீர்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையோ, "ஒரு ஊசி போட்டா சரியாயிரும்" என்று வலி ஊசியோ வேண்டாம். ரத்தக் கசிவை அவை கூட்டும்.

அடுத்தது நாடி. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மெல்ல வைத்தால் துடிப்பு தெரியும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, நம் துடிப்பை அடுத்தவர் துடிப்பு என்று எண்ணிவிடுவோம். சித்த வைத்தியர்கள் அந்த மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்ப்பார்கள். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்ற வழக்கமும் அவர்களுடையது. ஆங்கில வைத்தியத்தில் எந்தக் கையும் சரிதான். நாம் பார்ப்பது எண்ணிக்கையும் ஒழுங்கும் மட்டுமே.

பெரியவர்களுக்கு உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை சரி. நிமிடத்துக்கு எழுபது என்றாலே ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு ஆகிறது. நாம் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு லீவு கேட்கிறோம், அது கேட்பதில்லை! பிறந்த பிள்ளைக்கு 120, 140 என்று ஓடும், பயப்படாதீர்கள். காய்ச்சலில் ஒரு டிகிரி பாரன்ஹீட்டுக்குச் சுமார் பத்துத் துடிப்பு கூடும். கர்ப்பிணிக்கும் பத்து இருபது கூடத்தான் செய்யும்.

காய்ச்சலும் இல்லை, ஓடவும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 100-ஐத் தாண்டி ஓடுகிறது என்றால் நம் பெண்கள் முதலில் பார்க்க வேண்டியது ரத்தம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தத்தில் சத்து இல்லாவிட்டால் இதயம் அதே வேலைக்கு இரண்டு நடை கூட நடக்கிறது. தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறினால் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்பதை "வயசாயிருச்சு" என்று தள்ளிவிடுகிறோம். முப்பத்தைந்தில் என்ன வயசு? தைராய்டு கூடினாலும் நாடி ஓடும். ஒழுங்கில்லாமல், தாளம் தப்பித் தப்பித் துடிப்பது வேறு விஷயம். அறுபதைத் தாண்டிய மாமனார், மாமியாருக்கு அப்படி இருந்தால் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். பக்கவாதத்துக்குக் காரணமாகிற ஒரு வகைத் துடிப்பு அப்படித்தான் இருக்கும்.

மூச்சை யாரும் எண்ணுவதே இல்லை. வார்டிலேயே சில பேர் எண்ணாமல் இருபது என்று எழுதிவிடுவார்கள், அது வேறு கதை. கையால் தொடாமல், மெஷின் இல்லாமல் ஒரு உயிரைக் காப்பாற்றுகிற கணக்கு இருக்கிறது என்றால் அது இதுதான். சளிப்பிடித்த கைக்குழந்தைக்கு அது வெறும் சளியா, நிமோனியாவா என்று கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் சொல்லிக் கொடுத்த வழி மூச்சை எண்ணுவது. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது பிள்ளைகள் விஷயத்தில் சரிவராது, அவர்கள் மூச்சு விட்டு விட்டு வரும். இரண்டு மாதத்துக்குள் இருந்தால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் அது வேக மூச்சு, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். "மாந்தம்", "செரைய விழுந்திருக்கு" என்று தட்டிக்கொண்டும் உரம் எடுத்துக்கொண்டும் இரண்டு நாள் கழித்துத் தூக்கி வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உரம் எடுக்கிற அப்பத்தாவை நான் குறை சொல்லவில்லை. எண்ணிவிட்டு எடுக்கட்டும் என்கிறேன்.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை. அவர்களுக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். "உன் மூச்சை எண்ணுறேன்" என்று சொன்னால் உடனே அடக்கி விடுவார்கள். நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டே மூச்சை எண்ணுவது எங்கள் பழைய தந்திரம்.

இனி பிரஷர். நாடி என்பது இதயம் எத்தனை தடவை அடிக்கிறது என்ற எண்ணிக்கை. பிரஷர் என்பது அது தள்ளுகிற ரத்தம் குழாய்ச் சுவரில் எவ்வளவு வேகமாக மோதுகிறது என்பது. மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டால், தண்ணீர் உந்தும்போது குழாயில் ஒரு அழுத்தம் இருக்குமல்லவா, அது மேல் கணக்கு, 120. உந்தலுக்கு உந்தல் நடுவில் குழாயில் தங்குகிற அழுத்தம் கீழ்க் கணக்கு, 80. கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கிற வழியை இத்தாலிக்காரர் ரிவா ரோச்சி 1896-ல் கொண்டு வந்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கிற வழியை ரஷ்ய டாக்டர் கொரோட்காஃப் 1905-ல் சொன்னார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அடிப்படை அதேதான்.

140/90-க்கு மேல் வெவ்வேறு நாளில் இரண்டு மூன்று தடவை காட்டினால் ரத்தக்கொதிப்பு. ஒரு நாள் ஏறினதை வைத்து முடிவு கட்டக் கூடாது. எப்படிப் பார்க்கிறோம் என்பதிலேயே பத்து, பதினைந்து கூடிக் குறையும். பஸ் பிடித்து ஓடி வந்த மூச்சோடு, காபி குடித்த கையோடு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, நர்ஸிடம் மருமகள் கதை பேசிக்கொண்டே பார்த்தால் யாருக்கும் ஏறும். பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். இறுக்கமான ஜாக்கெட் கையை மேலே சுருட்டி ஏற்றினால் அதுவே ஒரு கட்டு மாதிரி அமுக்கும். தளர்வான கை வைத்த ஜாக்கெட்டோ நைட்டியோ நல்லது. ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை பாருங்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்டு 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்தார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபை அமைப்பின் விருதும் கிடைத்தது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண்களே வீட்டு வாசலுக்கு மெஷினோடு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற திட்டம். அப்படி ஒரு பெண் வெயிலில் நடந்து வந்து நிற்கிறாள். நாம் என்ன சொல்கிறோம்? "அவரு வெளிய போயிருக்காரு, வந்தாப் பாக்கலாம்." "அத்தைக்குப் பாருங்க." "எனக்கென்னம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், குக்கர் விசில் அடிக்குது." எங்கள் தெருவில் ஒரு அம்மா, வீட்டில் எல்லாருடைய மாத்திரை நேரமும் விரல் நுனியில் வைத்திருப்பவர், தன் பிரஷரைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டேன். "சின்னவன் பொறந்தப்ப" என்றார். சின்னவனுக்கு இப்போது இருபத்தாறு வயது. கட்டாயப்படுத்தி உட்கார வைத்துப் பார்த்தால் 170/100. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் அப்படித்தான், சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே இதயத்தையும் கிட்னியையும் தின்னும். "பிரஷர் இருந்தா எனக்கே தெரியுமே" என்பது வீண் நம்பிக்கை. மாத்திரை சாப்பிட்டு 120-க்கு வந்ததும் "சரியாயிருச்சு" என்று நிறுத்துவதும் அப்படியே. மாத்திரையால்தான் 120. அந்த அம்மா இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார், அது வரைக்கும் சந்தோஷம்.

உப்பைப் பற்றி ஒரே வார்த்தை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன், ஐந்து கிராம். சாம்பார் உப்பு, சோற்றில் போடும் உப்பு, அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இந்துப்பு வாங்கினால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள், அதிலும் அதே சோடியம்தான்.

கர்ப்பிணிகள் விஷயம் தனி. வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். பரிசோதனை அட்டை உசிலம்பட்டியில் மாமியார் வீட்டு பீரோவில், பெண் மதுரையில். இங்கே யாரிடம் காட்டுவது என்று பத்து இருபது நாள் அப்படியே ஓடிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் பிரஷர் ஏறும். ஐந்து மாதத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டும். மாசமாக இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும், சரி. முகமும் கை விரலும் வீங்கி மோதிரம் கழற்ற வராமல் போனாலோ, விடாத தலைவலி, கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தெரிவது, மேல் வயிற்று வலி வந்தாலோ அது வேறு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் எட்டு மாதத்தில் தலைவலி என்றாள். அவள் அம்மா சுக்குப் பத்து அரைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தபோது 160/110. பத்தை அப்படியே அம்மியில் விட்டுவிட்டு 108-ல் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்கிற அதே இராஜாஜி ஆஸ்பத்திரிதான். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தார்கள். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும். கிராமத்தில் அதைத்தான் 'ஜன்னி கண்டுருச்சு' என்பார்கள். பிரசவம் ஆன பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலி என்றால் காது மூடித் துணி கட்டுவதோடு பிரஷரும் பாருங்கள். பெண்ணை அழைத்து வரும்போது சீர்த்தட்டு எண்ணுகிற கையோடு அந்த அட்டையையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

சின்னச் சின்னதாக வந்த மற்ற கேள்விகள்.

"தலை சுத்துது, லோ பிரஷரா?" 90/60 இருந்து ஒரு தொந்தரவும் இல்லாவிட்டால் அது உங்கள் உடம்பு வாகு. சட்டென்று எழுந்தால் சுற்றுகிறது என்றால் தண்ணீர் போதவில்லையா, ரத்தசோகையா, பிரஷர் மாத்திரை கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் எல்லாத் தலைச்சுற்றலுக்கும் மருந்து இல்லை, கொதிப்பு உள்ளவருக்கு அதுவே ஆகாது.

"வெயில்ல மயங்கி விழுந்தா?" களையெடுக்கப் போன இடத்திலும் செங்கல் சூளையிலும் அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்திலும் நடப்பதுதான். உடம்பு 104-க்கு மேல் கொதித்து, பேச்சு உளறினால் அது சாதாரண மயக்கம் இல்லை. நிழலுக்குத் தூக்கிப் போய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் சோடாவோ மோரோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

"விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மெஷின் 88 காட்டுது, ஆனா நல்லா இருக்கேன்." கை ஜில்லென்று இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், கறுப்பாக ஏறிய மருதாணி இருந்தாலும் அது தப்பாகக் காட்டலாம். கையைச் சூடு பறக்கத் தேய்த்து, பூச்சைத் துடைத்துவிட்டு வேறு விரலில் பாருங்கள். அப்போதும் 94-க்குக் கீழே இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும், 90-க்குக் கீழே நின்றால் உடனே.

"வீட்டுக்கு எந்த பிரஷர் மெஷின் வாங்கலாம்?" மேல் கையில் கட்டுவது வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும், சின்னப் பட்டை கூட்டிக் காட்டும். வீட்டில் அமைதியாகப் பார்க்கும்போது 135/85-க்கு மேல் தொடர்ந்து இருந்தாலே டாக்டரிடம் காட்டுங்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். முதல் வரியில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

கடைசியாக, பழைய பாதரசத் தெர்மாமீட்டர் கைதவறி உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு தோழி கேட்டார். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், காற்றாடியை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். விளக்குமாற்றால் கூட்டக் கூடாது, மணிமணியாகச் சிதறிவிடும். கெட்டி அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு இறுக மூடுங்கள். குப்பையிலோ சாக்கடையிலோ போடாமல் பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். குனிவதற்கு முன் தங்க வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள், பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப் போய்விடும்.

– ஓய்வு பெற்ற நர்ஸ், பழங்காநத்தம், மதுரை.